சம்பளம் எடுத்தா அடிமை இல்லையா?

களுவாஞ்சிகுடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா. அவட ஊரில நடந்த விழிப்புணர்வு கூட்டமொண்டில, வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்கு போற பொம்பிளையள் எல்லாரும் "நவீன அடிமைகள்" எண்டு ஒருத்தர் மைக்கில சொன்னாராம். பின்னுக்கு இருந்த ஒரு அம்மா எழும்பி "என்ட மகள் அனுப்பின காசிலதான், தம்பி, வீட்டுக்கு ஓடு போட்டனான், அவள அடிமை கிடிமை எண்டு சொல்லாதீங்க" எண்டு சொல்லிப்போட்டு செருப்ப மாட்டிக்கொண்டு வெளிய போயிட்டாவாம். தங்கச்சிட கேள்வி இதுதான்: அவங்க சம்பளம் எடுக்கிறாங்க, தாங்களா விரும்பித்தான் போறாங்க, பிறகெப்பிடி அடிமை? இல்லாட்டி இந்தக் காலத்தில எதத்தான் அடிமைத்தனம் எண்டு சொல்றது?

நானும் கன நாளா இதப்பத்தி எழுதோணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். நான் லோயர் இல்ல. வெளிநாட்டில மாட்டுப்பட்டு வந்த ஆக்கள்ட முறைப்பாட்ட கேட்டு எழுதிக் குடுக்கிற வேலையில பதினொரு வருசம் இருந்தவன், அந்த மேசைக்கு முன்னால கேட்ட கதையளும் அதுக்காக இருந்து வாசிச்ச சட்டங்களும்தான் எனக்கு தெரிஞ்சது.

அந்த அம்மா கோவிச்சது சரி. வெளிநாட்டுக்கு போற எல்லாரும் அடிமை எண்டு சொல்றது அவங்கட உழைப்ப அவமதிக்கிற கதை. ஆனா சம்பளம் வருது, விரும்பித்தான் போனவ எண்டு சொல்லிப்போட்டு கதைய முடிக்கவும் ஏலாது. உள்ளுக்கு எப்பிடி போனவ எண்டத கொஞ்சம் ஒதுக்கி வச்சிட்டு, நாளைக்கு விடிய எழும்பி "எனக்கு இந்த வேலை வேணாம், நான் போறன்" எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டு கேட்டுப்பாருங்க. "சரி போ, இந்தா இண்டைக்கு வரைக்கும் உள்ள சம்பளம்" எண்டா அது வேலை, எவ்வளவு கேவலமான வேலையா இருந்தாலும் சரி. "போக ஏலாது" எண்டா, ஏன் ஏலாது, ஆர் மறிக்கிறது, எதக் காட்டி மறிக்கிறது எண்டு தோண்டிப் பாக்கோணும். ஒபிசில பொஸ் ஏசினதுக்கெல்லாம் "அடிமை வாழ்க்கை" எண்டு ஸ்டேட்டஸ் போடுற ஆக்களுக்கும் இதத்தான் சொல்லுவன், உங்களுக்கு ராஜினாமா கடிதம் எழுத ஏலும் மச்சான்.

பழைய அடிமைத்தனம் நம்மட ஆக்களுக்கு லேசா விளங்கும், சுந்தரர் கதைய நினைச்சுப் பாருங்க. கலியாணப் பந்தலுக்குள்ள ஒரு கிழட்டு பிராமணர் வந்து, உன்ட பாட்டன் எனக்கு அடிமை எண்டு எழுதித் தந்த ஓலை கையில இருக்கு, அதால நீயும் எனக்கு அடிமை எண்டு வழக்கு பேசினார், திருவெண்ணெய்நல்லூர் சபையும் ஓலைய பாத்துட்டு அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. வந்தவர் சிவபெருமான் எண்டபடியா நாம அத பக்தியா கேக்கிறம். ஆனா அந்தக் கதைய கேட்ட சனத்துக்கு, பாட்டன் எழுதின ஓலை பேரனையும் கட்டும் எண்டது புதினமா தெரியல்ல, அதுதான் எனக்கு கதையில பயமான இடம். இலங்கையிலயும் அப்பிடித்தான். 1707 இல ஒல்லாந்தர் காலத்தில யாழ்ப்பாணத்தில எழுதி வச்ச தேசவழமையில அடிமையளப் பத்தி தனியா விதியள் இருக்கு. பிரித்தானியர் 1833 இல தங்கட சாம்ராச்சியத்தில அடிமைத்தனத்த ஒழிக்க சட்டம் போட்டாங்க எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பம், அந்தச் சட்டத்தில இலங்கைய விலக்கி வச்சிருந்தத ஒருத்தரும் சொல்லித்தரல்ல. இங்க முழுசா ஒழிஞ்சது 1844 இலதான். உலகத்தில கடைசியா மொரிட்டானியா, 1981.

ஓலை கிழிஞ்சிட்டு. இண்டைக்கு ஒரு நாட்டுச் சட்டமும் மனிசன சொத்தா வச்சிருக்கலாம் எண்டு சொல்லாது. அப்ப ஓலை இல்லாத காலத்தில அடிமைய எப்பிடி அடையாளம் காணுறது? 1926 இல, ஐ.நா.வுக்கு முதல் இருந்த சர்வதேச சங்கம் செய்த ஒப்பந்தத்தில ஒரு வரைவிலக்கணம் இருக்கு, இப்பவும் நீதிமன்றங்கள் அதத்தான் எடுத்துப் பாக்கிறது: சொந்தக்காரனுக்கு உள்ள அதிகாரங்கள் எல்லாமோ, அதில ஏதாவது ஒண்டோ, ஒரு மனிசர்ட மேல செலுத்தப்படுற நிலைமை. சொந்தக்காரனா இருக்கோணும் எண்டில்ல, சொந்தக்காரன் மாதிரி நடந்தா காணும். படுவான்கரையில மாட்டுப்பட்டி வச்சிருக்கிற ஆள நினைச்சுப் பாருங்க. மாட்ட கட்டலாம், அவுக்கலாம், பாலெல்லாம் தான் எடுக்கலாம், இன்னொருத்தருக்கு இரவல் குடுக்கலாம், விக்கலாம். மாட்டில அன்பா இருக்கலாம், பேர் வச்சு கூப்பிடலாம், நோய் வந்தா இரவிரவா முழிச்சிருக்கலாம். அதால மாடு தன்ட பாட்டுக்கு போகலாம் எண்டு ஆகாது.

இதோட சேத்து இன்னொண்டு. 1930 இல ஐ.எல்.ஓ, அதாவது சர்வதேச தொழில் அமைப்பு, செய்த 29 ஆம் இலக்க சமவாயம், கட்டாய வேலை எண்டா என்ன எண்டு சொல்றது: தண்டனை வரும் எண்ட பயத்தில, தானா முன்வராத ஒரு ஆளிட்ட வாங்குற வேலை. இலங்கை இத 1950 இல ஏத்துக்கொண்டது. தண்டனை எண்டது பிரம்பு மட்டுமில்ல. சம்பளத்த பிடிச்சு வைக்கிறது, பொலிசில குடுப்பன் எண்டு வெருட்டுறது, உன்ட தாய் தகப்பன்ட்ட காசு அறவிடுவன் எண்டு சொல்றது, எல்லாம் இதுக்குள்ள வரும். விரும்பித்தானே போனவ எண்டு கேக்கிறதுக்கும் இதிலயே பதில் இருக்கு: பொய் சொல்லி வாங்கின சம்மதம் சம்மதம் இல்ல, உண்மையா குடுத்த சம்மதத்தையும் பிறகு திருப்பி எடுக்கலாம். வயசிலயே பொய் சொல்லி அனுப்பின கதை நமக்கு பக்கத்திலயே இருக்கு. மூதூர் றிசானாவுக்கு 17 வயசு, பாஸ்போட்டில வயச கூட்டிப் போட்டு 2005 இல சவூதிக்கு அனுப்பினாங்க, போய் கொஞ்ச நாளிலயே பொறுப்பில இருந்த பச்சப்பிள்ளை இறந்து வழக்காகி, 2013 ஜனவரி 9 இல மரண தண்டனை நிறைவேத்தினாங்க. அவட வழக்கப்பத்தி கதைக்கிற ஆக்கள் கனபேர் தீர்ப்பிலதான் தொடங்குவாங்க, நான் அந்த பாஸ்போட்டில இருந்து தொடங்குவன்.

இப்ப என்ட வீட்டுக் கதைக்கு வாறன்.

என்ட பெரியம்மாட மகள், எனக்கு அக்கா, சுனாமியில வீடு போன பிறகு கொஞ்ச வருசம் அங்கயும் இங்கயும் இருந்துட்டு 2009 இல குவைத்துக்கு போனவ. போக முதலே ஏஜென்சிக்காரன் அவட கையில காசு குடுத்தான். வெளியூர் ஆக்களுக்கு இது புதினமா இருக்கும், ஆம்பிளையள் வெளிநாடு போக ஏஜென்சிக்கு காசு கட்டுறது, பொம்பிளையள் கத்தாமா விசாவில, எண்டா வீட்டுவேலை விசாவில, போறதெண்டா ஏஜென்சி அவங்களுக்கு காசு குடுக்கிறது. ஊரில இருக்கிற சப் ஏஜென்ட்மார் அதச் சொல்லித்தான் ஆள் பிடிக்கிற, "ஒரு சதம் செலவில்ல, கைக்கு காசும் வரும்." அந்தக் காசு எங்கால வருது? குவைத்தில இருக்கிற வீட்டுக்காரர் அங்க ஒபிசுக்கு கட்டின பெரிய தொகையில ஒரு சின்னத் துண்டுதான் அது. அதால வீட்டுக்காரர்ட மனசில இவ சம்பளத்துக்கு வந்த ஆள் இல்ல, காசு குடுத்து எடுத்த ஆள். இவட மனசிலயும் ஒரு கடன். இடையில விட்டுட்டு வந்தா அந்தக் காசையும் டிக்கட் காசையும் பெரியம்மாதான் கட்டோணும் எண்டு ஏஜென்சியில சொல்லித்தான் அனுப்பினவங்க.

மேடம் ஒருநாளும் கை நீட்டினதில்ல. இத நான் முதலே சொல்லிடுறன், ஏனெண்டா எல்லாரும் சூட்டுக்கோல் கதையத்தான் எதிர்பாக்கிற. சாப்பாடும் குறைவில்ல. பெருநாளைக்கு ஒரு சோடி தங்கத்தோடு வாங்கிக் குடுத்தவ, அக்கா இண்டைக்கும் அதத்தான் போட்டிருக்கா. "நீ என்ட மகள் மாதிரி" எண்டு அரபியில அடிக்கடி சொல்லுவாவாம். பாஸ்போட்ட ஏர்போட்டிலயே வீட்டுக்காரர் வாங்கிட்டார். காலம அஞ்சுக்கு எழும்பினா படுக்க பன்னெண்டாகும், லீவெண்ட கதையே இல்ல. போன் மாசத்தில ஒருக்கா, மேடம் பக்கத்தில நிக்க. முதல் வருசம் சம்பளம் ஒழுங்கா வந்தது, பிறகு "உனக்கு செலவென்ன இங்க, சேத்து வச்சு போகேக்க தாறன்" எண்டு பதினாலு மாசம் நிண்டுட்டு. வாசல் கதவு வெளியால பூட்டு.

அவ வெளிய போறது குப்பை கொட்டுறதுக்கு மட்டும். ஒருநாள் பின்னேரம் கல்லடியில இருந்து கதைக்கேக்க சொன்னா, "வாசலில இருந்து றோட்டில இருக்கிற பெரிய குப்பை வாளிக்கு நாப்பத்திமூணு அடிடா தம்பி. போகேக்க நாப்பத்திமூணு. வரேக்க நான் கால சின்னச் சின்னதா வச்சு அறுபதாக்குவன்." மேல ஜன்னலில மேடம் பாத்துக்கொண்டு நிப்பாவாம்.

ஓடியிருக்கலாம்தானே எண்டு கேப்பீங்க. எங்க ஓடுற? கபாலா எண்ட முறையில விசா வேலைக்கு சொந்தமில்ல, கபீலுக்கு, எண்டா ஆளப் பொறுப்பெடுத்து விசா எடுத்த முதலாளிக்கு, சொந்தம். அவர்ட வீட்ட விட்டு வெளிய பாய்ஞ்ச நிமிசமே அவ சட்டவிரோதமா நிக்கிற ஆள், வீட்டுக்காரர் போய் "ஓடிட்டா" எண்டு ஒரு முறைப்பாடு போட்டா, சவூதியில அதுக்கு ஹுரூப் எண்டு பேர், பொலிஸ் இவவத்தான் தேடும். பதினாலு மாசச் சம்பளமும் உள்ளுக்கு கிடக்கு. கதவுக்கு போட்ட பூட்டு சும்மா ஒரு பூட்டு, மற்ற மூண்டும்தான் சரியான பூட்டு. கட்டாய வேலைய கண்டுபிடிக்க ஐ.எல்.ஓ 11 அடையாளம் சொல்றது, அக்காட கதையில நான் ஏழு எண்ணினனான், ஆனா அவவிட்ட "நீங்க அடிமையா இருந்தீங்களா" எண்டு கேட்டா "சீ போடா" எண்டுதான் சொல்லுவா.

2012 இல வந்துட்டா, பிடிச்ச காசில பாதிதான் கிடைச்சது. வந்து ரெண்டு மாசம் வரைக்கும், கேட்ட திறக்க முதல் பெரியம்மாட முகத்த பாப்பா.

இத எழுதேக்க எனக்கு எங்கட வீட்டு அடுப்படி ஞாபகம் வருது. எண்பதுகளில பதுளைப் பக்கத் தோட்டத்தில இருந்து ஒரு பிள்ளைய கொண்டுவந்து எங்கட அம்மாட்ட விட்டாங்க, ஒன்பதோ பத்தோ வயசிருக்கும், நான் அப்ப அவள விட சின்னவன். அம்மிக்கு பக்கத்தில பாய் போட்டு படுப்பாள். நாங்க சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள், அதே சோறுதான், அதே கறிதான், அம்மா அதச் சொல்லி பெருமைப்படுவா. "என்ட பிள்ளை மாதிரித்தான் வச்சிருக்கன்" எண்டுவா. பள்ளிக்கூடம் அனுப்புறம் எண்டு சொல்லித்தான் எடுத்தது, ஒருநாளும் அனுப்பல்ல. தகப்பன் வருசத்துக்கு ஒருக்கா தீபாவளிக்கு முதல் வந்து காச வாங்கிட்டு போவார், அவள் படலை வரைக்கும் போய் நிண்டுட்டு திரும்பி வருவாள். எங்கட அம்மா நல்ல மனிசி, ஊரில கேட்டுப்பாருங்க. குவைத் மேடமும் நல்ல மனிசிதான். 2021 இல, கொழும்பு வீடொண்டில வேலைக்கு நிண்ட டயகம பிள்ளை எரிகாயம் பட்டு ஆஸ்பத்திரியில செத்த நேரம் எல்லாரும் போஸ்ட் போட்டம், நானும் போட்டனான், போட்டுட்டு அந்த பாய நினைச்சனான். 18 வயசுக்கு குறைஞ்ச பிள்ளைய சுரண்டுறதுக்கெண்டு தாய் தகப்பன் இன்னொருத்தர்ட கையில குடுக்கிறத 1956 இல செய்த துணை ஒப்பந்தம் அடிமைத்தனத்துக்கு ஒத்த வழக்கம் எண்டு சொல்றது, காசு வாங்கினாலும் வாங்காட்டியும். அந்த ஒப்பந்தம் எழுதி முப்பது வருசத்துக்கு பிறகும் எங்கட அடுப்படிக்கு அது வந்து சேரல்ல.

சரி, இதெல்லாம் "அடிமைத்தனம்" எண்ட சொல்லுக்குள்ள வருமா எண்டா, நீதிமன்றங்களே ஒரே மாதிரி சொல்லல்ல. பிரான்சில டோகோ நாட்டுப் பிள்ளையொண்ட வீட்டில வச்சு, சம்பளமில்லாம, லீவில்லாம வருசக்கணக்கா வேலை வாங்கின வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு வந்தது. 2005 இல அந்தக் கோட் சொல்லிச்சு, இது கட்டாய வேலை, ஊழிய நிலை, ஆனா அடிமைத்தனம் இல்ல, ஏனெண்டா அந்த வீட்டுக்காரருக்கு சட்டப்படி சொத்துரிமை இருக்கல்ல எண்டு. எனக்கு இது விளங்கவேயில்ல, சட்டப்படி சொத்துரிமைதான் உலகத்தில எங்கயும் இல்லையே, அப்ப ஒருத்தரும் அடிமை இல்ல எண்டு ஆகுமே. மூண்டு வருசம் கழிச்சு, 2008 இல, அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மற்றப்பக்கம் போச்சு. மெல்பேணில ஒரு விபசார விடுதி, தாய்லாந்தில இருந்து வந்த பொம்பிளையள், என்ன வேலை எண்டு தெரிஞ்சுதான் வந்தவங்க, வந்து இறங்கின உடன ஒவ்வொருத்தர்ட தலையிலயும் நாப்பதாயிரம் டொலருக்கு மேல கடன் எழுதியாச்சு, பாஸ்போட்ட எடுத்தாச்சு. பூட்டி வைக்கல்ல. அப்பிடியும் அந்தக் கோட் இது அடிமைத்தனம்தான் எண்டு சொல்லிச்சு, ஏனெண்டா அவங்கள காசுக்கு வாங்கினதும், கடன் தீரும் வரைக்கும் உழைப்ப முழுக்க எடுத்ததும் சொந்தக்காரன் செய்யிற வேலை. நான் இந்தப் பக்கம்தான்.

கடன் எண்டு வந்தபடியா அதையும் சொல்லோணும், எங்கட பக்கத்தில இதுதான் பெரிய விசயம். கடன்பட்ட எல்லாரும் கொத்தடிமை இல்ல. 1956 ஒப்பந்தத்தில கடனடிமைக்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கு: கடனுக்கு ஈடா தன்ட உழைப்பையோ தன்ட பொறுப்பில இருக்கிற ஆள்ட உழைப்பையோ குடுக்கிற, ஆனா செய்யிற வேலைட பெறுமதி நியாயமா கடனில கழிபடாது, இல்லாட்டி எவ்வளவு காலம், என்ன வேலை எண்டு ஒரு எல்லை இருக்காது. கடன் தீராத மாதிரி கணக்கு வைக்கிற ஆள்தான் எசமான்.

என்ட அப்பப்பா வெல்லாவெளிப் பக்கம் ஒரு போடியார்ட, எண்டா பெரிய வயல்காரர்ட, வயல் செய்தவர். விதைப்புக்கு முதல் வீட்டில அரிசி முடிஞ்சிரும், போடியாரிட்ட ஒரு அவணம் நெல்லு வாங்கினா சூடு அடிச்ச உடன களவெட்டியிலயே ஒண்டரையா அளந்து எடுத்திருவாங்க. மிச்சம் காணாது, திரும்ப வாங்கோணும். ஒருக்கா அவர் வேற போடியாருக்கு மாறினவர், எப்பிடி எண்டா புதுப் போடியார் பழையவர்ட கடன கட்டி ஆள எடுத்தார். அப்பப்பா இத பெருமையாத்தான் சொல்லுவார், "என்ன ஆளுக்காள் போட்டிபோட்டு எடுத்தாங்க" எண்டு.

மலையகத்தில இதுக்கு துண்டு எண்டு பேர். கங்காணிட்ட பட்ட கடன ஒரு துண்டில எழுதி வச்சிருப்பாங்க, அடுத்த தோட்டக்காரன் அந்தக் கடன கட்டினாத்தான் ஆள் அங்க போகலாம், கட்டினபிறகு கடன் புது இடத்தில தொடரும். 1921 இல அந்த முறைய சட்டம் போட்டு நிப்பாட்டினாங்க. நூறு வருசம் கழிச்சு கல்ப் நாடுகளில "ரிலீஸ்" எடுக்கிறது எண்டு சொல்றாங்களே, பழைய கபீலுக்கு காசு கட்டி புது கபீல் ஆள எடுக்கிற, அத முதல் முதலா ஒரு அக்கா என்ட மேசையில சொன்ன நேரம் எனக்கு அப்பப்பாட குரல்தான் கேட்டது. எங்கட அம்மா அப்பப்பாவ அடிமை எண்டு சொல்லுவா, சித்தப்பா சண்டைக்கு வருவார். அப்பப்பா ஒரு போகத்தோட விட்டுட்டு மீன்பிடிக்க போயிருக்கலாம், போனா ஒருத்தரும் பொலிசுக்கு போயிருக்க மாட்டாங்க, அதால நான் அரைவாசி சித்தப்பா பக்கம்.

குறூப் லோன் கதையும் இப்பிடித்தான். 2018 இல இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர், சில நுண்கடனுக்கு வருச வட்டி 220 வீதம் வரைக்கும் போகுது எண்டு சொன்னார். கிழமைக்கு கிழமை லோன்காரன் வந்து முற்றத்தில நிக்கிறதும், ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் அவவ பிடிச்சு பேசுறதும் கொடுமைதான். ஆனா லோன் கொம்பனி அவவிட்ட வேலை வாங்கல்ல, அதால சட்டத்தில அது அடிமைத்தனம் இல்ல. அது செய்யிறது வேற, அவவ கொண்டுபோய் சப் ஏஜென்ட்ட வாசலில நிப்பாட்டும். என்ட மேசைக்கு வந்த கனபேர்ட கதை லோன் புத்தகத்திலதான் தொடங்கினது.

அரசாங்கங்களும் ஆயுதக்காரரும் செய்யிறத மறந்திடுறம். எரித்திரியாவில தேசிய சேவை 18 மாசம் எண்டு 1995 இல சட்டம், எதியோப்பியாவோட யுத்தம் வந்த பிறகு அது முடிவில்லாம போய், ஆக்கள் வருசக்கணக்கா கட்டட வேலை, தோட்ட வேலை எல்லாம் செய்யிறாங்க, 2016 இல ஐ.நா. விசாரணைக்குழு அத அடிமைப்படுத்தல் எண்டே சொன்னது. எரித்திரியா தூரம். எங்கட மட்டக்களப்பு மாவட்டத்தில டியூசனுக்கு போன பிள்ளைட சைக்கிள் மட்டும் றோட்டோரத்தில கிடந்த காலத்த பாத்த ஆக்கள் இத வாசிக்கிறீங்க. புலிகள் இயக்கமும் பிள்ளையள பிடிச்சது, 2004 இல அதில இருந்து பிரிஞ்ச பக்கமும் பிடிச்சது. ஐ.எல்.ஓவின்ட 1999 ஆம் ஆண்டு சமவாயத்தில, பிள்ளையள யுத்தத்துக்கு கட்டாயமா பிடிக்கிறத அடிமைத்தனத்துக்கு ஒத்த வழக்கங்களோட ஒரே வரியில வச்சிருக்கு. இலங்கையில 2006 இல தண்டனைச் சட்டக்கோவையில சேத்த 358ஏ பிரிவிலயும் கடனடிமை, கட்டாய வேலை, அடிமைத்தனம், பிள்ளையள யுத்தத்துக்கு சேக்கிறது எல்லாம் ஒண்டாத்தான் இருக்கு. அந்த வரிய நான் முதல் வாசிச்ச நேரம் கொஞ்ச நேரம் புத்தகத்த மூடி வச்சிட்டன்.

இப்ப புதுசா வந்திருக்கிறது படிச்ச பெடியன்மார்ட அடிமைத்தனம். தாய்லாந்தில கம்பியூட்டர் வேலை, நல்ல சம்பளம் எண்டு சொல்லி கூட்டிப்போய், எல்லையத் தாண்டி மியன்மார் மியாவடியில ஒரு கொம்பவுண்டுக்குள்ள விட்டு, போலிப் பெயரில சாட் பண்ணி வெளிநாட்டு ஆக்கள்ட காச ஏமாத்தி எடுக்க வைக்கிற. மியன்மாரில குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியாவில 1,00,000 பேர் இப்பிடி இருக்கலாம் எண்டு 2023 இல ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. இலங்கைப் பெடியன்மாரும் மாட்டுப்பட்டு மீட்டு வந்திருக்காங்க. இங்க மாட்டுப்பட்டவனே இன்னொருத்தருக்கு களவு செய்யிறான், அதால வெளிய வந்தாலும் அவன குற்றவாளியா பாக்கிறாங்க, வெளிய சொல்லவும் வெக்கப்படுறான்.

மொத்தம் எவ்வளவு எண்டா, ஐ.எல்.ஓவும் மற்ற ரெண்டு அமைப்பும் சேந்து 2022 இல வெளியிட்ட கணக்கில 4 கோடியே 96 லட்சம் பேர். அதில கட்டாய வேலையில 2 கோடியே 76 லட்சம், அது எங்கட நாட்டு சனத்தொகைய விட கூட. மிச்சம் 2 கோடியே 20 லட்சம் கட்டாயக் கலியாணம். கலியாணத்த இதுக்குள்ள சேக்கலாமா எண்டு படிச்ச ஆக்களுக்குள்ளயே சண்டை இருக்கு. பேசிச் செய்யிற கலியாணம் எல்லாத்தையும் ஆரும் இதில சேக்கல்ல, மாட்டன் எண்டு சொல்ல ஏலாத பிள்ளையத்தான் எண்ணியிருக்காங்க. அந்த அளவில எனக்கு அது சரியாத்தான் படுது, பிறகு விட்டுட்டு வரவும் ஏலாதே.

போகப்போற ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்லி விடுறன். விசிட் விசாவில வேலைக்கு போகாதீங்க, எவ்வளவு நம்பிக்கையான ஆள் சொன்னாலும். 2022 இல ஓமானுக்கு அப்பிடி கொண்டுபோன பொம்பிளையளத்தான் அங்க வீட்டுக்கு வீடு வித்தாங்க, அந்த விசயத்தில எங்கட தூதரகத்தில இருந்த ஒரு உத்தியோகத்தரே கைதாகினார். மற்றது, பாஸ்போட்டையும் ஒப்பந்தத்தையும் போட்டோ எடுத்து ஊரில ஒருத்தர்ட வட்ஸ்அப்பில விட்டுட்டு போங்க. வேலைவாய்ப்பு பணியகத்தின்ட நம்பர் 1989, வீட்டில இருக்கிற ஆக்களும் அதுக்கு எடுத்து முறைப்பாடு சொல்லலாம்.

அக்கா திரும்ப போகப்போறா. மகள்ட படிப்பு, வேற வழியில்ல, திரும்பவும் குவைத். போன கிழமை ஒப்பந்தத்த கொண்டுவந்து என்ட மேசையில வச்சிட்டு "வாசிச்சு சொல்லு" எண்டா. குவைத்தில 2015 இல வீட்டுவேலைக்காரருக்கெண்டு ஒரு சட்டம் வந்திருக்கு, 68 ஆம் இலக்கம், ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்க ஏலாது, கிழமைக்கு ஒருநாள் லீவு, பாஸ்போட்ட வீட்டுக்காரர் வச்சிருக்க ஏலாது. அவ போன காலத்தில இதொண்டும் இல்ல. ஆனா அந்த பாஸ்போட் விதியில ஒரு வால் இருக்கு, வேலை செய்யிற ஆள் சம்மதிச்சா வச்சிருக்கலாமாம். ஒப்பந்தத்தோட சேத்து தனியா ஒரு தாள் இருந்தது, பாஸ்போட் வீட்டுக்காரரிட்ட இருக்க நான் சம்மதிக்கிறன் எண்டு, கீழ கையெழுத்துக்கு கோடு.

வாசிச்சுக் காட்டினன். காதில கிடந்த தோட்ட ஒருக்கா தொட்டுப் பாத்தா.

"சம்மதமில்ல எண்டு எழுதினா விசா வருமாடா?"

நாளைக்கு பின்னேரம் ரெண்டு பேரும் ஏஜென்சிக்கு போறம். தாள் இன்னும் கையெழுத்தில்லாம என்ட மேசையிலதான் கிடக்கு.